டீச்சர், எந்த லேப்டாப் வாங்கலாம்?

நன்னிலத்தில் வெயில் இன்னும் குறையவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வழக்கம்போல் எனக்குப் போனும் வர ஆரம்பித்துவிட்டது. "டீச்சர், பையன் பிளஸ் 1 சேர்ந்திருக்கான், எந்த லேப்டாப் வாங்கலாம்?" "அத்தை, ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்கோம், எது நல்லது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கணினி படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் நம் ஊரில் டீச்சர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. 2021-இல், கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த சமயம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தான். ஆறு மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன். மகள் பிளஸ் 1, கணினி அறிவியல் பிரிவு. குறுவை நெல் போட்ட பணம் கைக்கு வந்திருந்தது. "டீச்சர், ஒரே விலையில ரெண்டு சொல்றாங்க. ஒண்ணு புதுசு. இன்னொண்ணு கம்பெனியில ஓடுன பழசு. எதை வாங்கட்டும்?" என்று கேட்டான்.

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "பழசு எதுக்குப்பா? புதுசாவே வாங்கு" என்றேன்.

வாங்கினான். பெரிய திரை, பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள், நானும் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். ஆனால் உள்ளே இருந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு இடம், செலரான் பிராசசர். அந்த 64-இல் பாதியை விண்டோஸே பிடித்துக்கொண்டது. சில மாதத்தில் அப்டேட் இறங்க இடமில்லை என்று செய்தி வர ஆரம்பித்தது. இடத்தைக் கூட்டலாம் என்று கடைக்கு எடுத்துப் போனால், சேமிப்பும் ரேமும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாடத்துக்கான வீடியோ ஒன்றும் கோப்பு ஒன்றும் சேர்ந்து திறந்தால் அப்படியே நின்றுவிடும்.

இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவனும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஆதார் திருத்தத்துக்காகக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனபோது அந்தப் பெண் அங்கே மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து கல்லூரி அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருந்தாள். "வீட்டுல லேப்டாப் இருக்கேம்மா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "அது ஓடல டீச்சர். அப்பா உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டார், நீங்க வருத்தப்படுவீங்கன்னு" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஒரு போக நெல்லின் பணம் அது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் போனில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் எனக்குப் பாடம் நடத்தினார்கள்.

இந்த வருடம் அவனுடைய மகன் பிளஸ் 1. மறுபடியும் என்னிடமே வந்து நின்றான். "வா தம்பி, நானும் கூட வர்றேன்" என்று திருவாரூருக்குக் கிளம்பிவிட்டேன். கடையில் இருந்தவையும் அதே மாதிரி இரண்டுதான். இரண்டும் 20 ஆயிரத்தை ஒட்டிய விலை.

ஒன்று: புதுசு. 15.6 அங்குலத் திரை, செலரான், 4 ஜிபி ரேம், 128 ஜிபி.

இரண்டு: அலுவலகத்தில் ஓடித் திரும்பியது. 14 அங்குலம், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மூடியில் இரண்டு கீறல்.

பையனின் கண் முதலாவதில் இருந்தது. அப்பனுக்கும் தயக்கம். "பழசுன்னு சொல்லுவாங்களே டீச்சர்" என்றான். நான் கேட்டேன்: "உழவுக்கு டிராக்டர் வாடகைக்கு எடுக்கிறியே, பெயிண்டைப் பார்த்தா எடுக்கிற? எத்தனை ஹெச்பின்னுதானே கேக்கிற?" சிரித்துவிட்டான்.

இரண்டாவதைத்தான் வாங்கினோம். ஏன் என்று சொல்கிறேன்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். குறைந்தபட்சம் என்றால் பாஸ் மார்க் 35 போல. அதை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை மேலே போக முடியாது. பிளஸ் 1-இல் சி++, பிளஸ் 2-இல் பைத்தான் என்று பாடம் இருக்கிறது. கூடவே பாட வீடியோ, தமிழில் தட்டச்சு, நுழைவுத்தேர்வுப் பயிற்சி. இதற்கெல்லாம் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் தடையில்லாமல் ஓடும்.

அடுத்தது எடை. 2020-இல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கை, பை எடை பிள்ளையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. 45 கிலோ பிள்ளைக்கு நாலரைக் கிலோ. அதில் 15 அங்குல மடிக்கணினியும் சார்ஜரும் சேர்ந்து சுமார் 2 கிலோவை எடுத்துக்கொண்டால் புத்தகத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் என்ன மிச்சம்? கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பிள்ளைக்கு 14 அங்குலமே போதும்.

மூன்றாவது, திறந்து பழுது பார்க்க முடிய வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாங்கிய கையோடு என் வீட்டுக்கு ஓடிவந்து காட்டியவர்கள் நீங்கள். எங்கள் உறவில் ஒரு பையன் வாங்கிய அந்த மடிக்கணினி பத்து வருடம் உழைத்தது. நடுவில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார்கள், ரேமைக் கூட்டினார்கள். அப்படி மாற்ற வழி இருந்ததால்தான் அது தாங்கியது.

ஆனால் பழசு என்றாலே நல்லது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அதிலும் ஏமாறலாம். கடையில் நின்று இவற்றைப் பாருங்கள்:

1. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, அதற்கு மேல். அதற்கு முந்தியவற்றுக்குப் பொதுவாக விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விலை குறைவாக இருக்கிறதே என்று ஆறாம் தலைமுறையை வாங்காதீர்கள்.

2. பேட்டரி அறிக்கையைக் கேளுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. தயாரித்தபோது 48,000, இப்போது 36,000 என்று காட்டினால் முக்கால் பங்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள். 2018-இல் கஜா புயலின்போது நம் மாவட்டம் இருளில் கிடந்ததை மறக்க முடியுமா? மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரிதான் கை கொடுக்கும்.

3. சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில், எழுத்தில் வாரண்டி. இரண்டும் இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் வம்பு நமக்குத்தான்.

4. அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்ட் பூட்டு இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

5. எல்லா எழுத்தையும் ஒரு முறை அடித்துப் பாருங்கள். கேமரா, ஸ்பீக்கர், வைஃபை மூன்றையும் சோதியுங்கள்.

கையில் 35, 40 ஆயிரம் இருக்கிறவர்கள் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள புதுசே வாங்கலாம். ஒரு வருட வாரண்டியும் மன நிம்மதியும் கிடைக்கும். அதற்காகத் தவணைக்கடன் வாங்கிப் போகாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். அந்த வயதில் பென்சில் பிடித்து எழுதட்டும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு இந்த 2026-இல், கல்லூரி மூன்றாம் ஆண்டில், அரசின் மடிக்கணினி கிடைத்தது. மகிழ்ச்சிதான். மேற்படிப்புக்கு அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் பிளஸ் 1-இல் அவள் தவித்த தவிப்புக்கு அது வந்து சேரவில்லை. 2011-இல் தொடங்கிய திட்டம் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் கைக்கும் போனது. இப்போது கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஒரு பிள்ளை எந்தப் படிப்புக்குப் போவது என்று முடிவாகிற வயது பதினாறு, பதினேழு. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்குக் காலத்தில் வந்தால்தானே நாற்று பிழைக்கும்? மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் மீண்டும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த ஆட்சி வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அதுவரை குத்தகை விவசாயியும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் சொந்தப் பணத்தில்தான் வாங்கியாக வேண்டும். அவர்கள் படித்தவர்கள் என்று நம்பி நம்மிடம் வந்து கேட்கிறார்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அன்று பஸ் ஸ்டாண்டில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல மடிக்கணினி யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். வாங்க முடியாத பிள்ளைகள் இரண்டு பேர் எனக்குத் தெரியும். கீறல் இருந்தாலும் பரவாயில்லை.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், நன்னிலம்