அந்த ஆல்பத்துல இப்போ எனக்குக் கேக்குறது டிரம்ஸ்தான்

நைட் டூட்டி முடிச்சு வர்ற வழியில, கார்ல டெஃப் லெப்பர்டோட 'ஹிஸ்டீரியா'வை ரொம்ப வருஷம் கழிச்சு முழுசா கேட்டேன். 1987ல வந்த ராக் ஆல்பம். 12 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல வித்தது. ஹாஸ்டல் நாள்ல கிட்டார் மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு.

அதோட டிரம்மர் ரிக் ஆலனுக்கு இடது கை கிடையாது. 1984 டிசம்பர் 31, இங்கிலாந்துல ஷெஃபீல்ட் பக்கத்துல கார் விபத்து. அப்போ வயசு 21. துண்டான கையை ஒட்ட வச்சாங்க. இன்ஃபெக்‌ஷன் ஆகி மறுபடி எடுக்க வேண்டியதாச்சு.

"ஒட்ட வச்சதை ஏன் டாக்டர் எடுக்கணும்?"

விரலுக்குள்ள தசை கிடையாது, அதனால துண்டானாலும் கொஞ்சம் அதிக நேரம் தாங்கும். முழுக் கை அப்படி இல்ல. ரத்தம் போகலேன்னா சில மணி நேரத்துலயே தசை சாக ஆரம்பிச்சிடும். செத்த தசையில கிருமி சுலபமா பரவும். கையா உயிரான்னு வந்தா கையைத்தான் விடணும்.

இந்தக் கதையை எல்லாரும் 'தன்னம்பிக்கை' ஃபார்வர்டா அனுப்புறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவருக்கு மன உறுதி இருந்துச்சு, மறுக்கல. ஆனா மன உறுதியை வச்சு ஸ்னேர் டிரம் அடிக்க முடியுமா? அவருக்குன்னே ஒரு எலக்ட்ரானிக் டிரம் செட் தயாராச்சு. இடது கை அடிக்க வேண்டியதை இடது கால் பெடல்ல மிதிச்சு அடிச்சார். பழக மாசக்கணக்கா ஆச்சு. அதுவரைக்கும் பேண்ட் வேற ஆள் தேடல. 1986ல அயர்லாந்துல நடந்த சின்னக் கச்சேரிகள்ல, துணைக்கு இன்னொரு டிரம்மரையும் கூடவே உக்கார வச்சாங்க. அதே ஆகஸ்ட்ல டானிங்டன் விழா மேடையில தனியாவே வாசிச்சார்.

(ஆல்பத்துல டிரம்ஸ் நிறைய மெஷின்ல கோத்ததுதானேன்னு சண்டைக்கு வராதீங்க. ஊர் ஊரா மேடையில வாசிச்சது அவர்தான்.)

கை போன பேஷன்ட் மயக்கம் தெளிஞ்சதும் வலியைப் பத்திக் கேப்பார்னு நினைப்போம். என்கிட்ட அதிகமா வந்த கேள்வி: "வேலைக்குத் திரும்பச் சேத்துப்பாங்களா சார்?" அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. வேற சீட்ல போடுங்க, மெஷின் லீவரை வலது பக்கம் மாத்திக் கொடுங்கன்னு முதலாளிகளுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கேன். பெரும்பாலும் பதில் வராது. ஒரே ஒருத்தர் மட்டும் ஃபோன் பண்ணி, "லீவர் எவ்வளவு உயரத்துல இருக்கணும் டாக்டர்?"னு கேட்டார்.