ஈசியில வராத வில்லங்கம்

கடலோர ஊர்ல பழைய வீடு வாங்கப் போறவங்க வாஸ்து பார்ப்பாங்க, ஈசி போட்டுப் பார்ப்பாங்க, மூலப்பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டுவாங்க. கான்கிரீட்டுக்குள்ள கம்பி எப்படி இருக்குன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை. காரைக்கால்ல முதல்ல கேட்க வேண்டியதே அதுதான்.

"எனக்கு இன்னும் பிளேஸ்மென்ட்டே ஆகலை, இது எதுக்கு?"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. வேலை கிடைச்ச ரெண்டு, மூணு வருஷத்துல வீட்டுல ஹோம் லோன் பேச்சு வரும். இருபது வருஷ இஎம்ஐ உங்க தலையிலதான் விழும்.

சிவில் பசங்களுக்குத் தெரிஞ்சதுதான், மத்தவங்களுக்காகச் சொல்றேன். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கிற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. உப்புத் தண்ணி போர்வெல்லை வச்சுக் கட்டின வீட்டுல அந்தக் கணக்கை யார் பார்த்திருப்பாங்க? கடல் காத்து வேற வெளியிலேருந்து உப்பைக் கொண்டு வரும். துருப்பிடிச்ச கம்பி பெருத்து, கான்கிரீட்டைப் பிளந்து, சீலிங் பெயர்ந்து விழும். இதை மறைக்க ஒரு கோட் பட்டி, ரெண்டு கோட் பெயின்ட் போதும். ஐப்பசி மழை வரைக்கும் ஒண்ணும் தெரியாது.

தெரிஞ்சே சொல்லாம வித்தவரைச் சட்டம் கேட்குமா? கேட்கும். 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதைத்தான் பேசுது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் பிடிபடாத முக்கியமான குறை இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகணும். சொல்லாமல் விட்டால் அது மோசடி.

பிரச்சினை எங்கன்னா, "அவருக்கு முன்னாடியே தெரியும்"னு நீங்கதான் நிரூபிக்கணும். பெயின்ட்டுக்கு அடியில இருந்த விரிசலுக்கு யார் சாட்சி?

இந்த விஷயத்துல நம்ம ஊரோட பழைய சட்டம் இன்னும் கறாரா இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில இங்க நடந்தது பிரெஞ்சு சிவில் சட்டம். அதோட 1641, 1643 பிரிவுகள்படி, மறைஞ்சிருக்கிற குறை தனக்கே தெரியாதுன்னாலும் விற்றவர் பொறுப்பு. பொறுப்பில்லைன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தாதான் தப்பிக்கலாம். 1968-ல பல இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு நீட்டிச்சப்போ சொத்து மாற்றுச் சட்டமும் இங்க வந்தது. பழைய சட்டம் திரும்பணும்னு நான் சொல்லலை. ஆனா விற்பவர் மேல பாரத்தை வைக்கிறது ஏதோ வெளிநாட்டுக் கனவு இல்லை. நம்ம தாத்தா காலத்துல இதே ஊர்ல இருந்ததுதான்.

"ரெரா இருக்கே"ன்னு சிலர் சொல்வீங்க. 2016-ஆம் வருஷ ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா, சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் காசு வாங்காம சரி பண்ணணும். நல்ல சட்டம். ஆனா பிடி பில்டர் மேல மட்டும்தான். தெருவுல ஒருத்தர் இன்னொருத்தருக்கு விக்கிற பழைய வீட்டுக்கு அது உதவாது.

கட்டடம் நல்லா இருந்தாலும் அனுமதியில குறை ஒளிஞ்சிருக்கலாம். கொச்சி பக்கத்துல மரடுல, கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டினதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றம் சொல்லி, 2020 ஜனவரியில நாலு அடுக்குமாடித் திட்டங்களை இடிச்சாங்க. காசு கொடுத்துக் குடியேறினவங்கதான் பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்தாங்க. கடலுக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கும் இது பாடம்.

அதனால என் கருத்து இதுதான். புதுச்சேரி அரசு கிரயப் பத்திரத்தோட ஒரு குறை அறிவிப்புப் பக்கத்தைக் கட்டாயமாக்கணும். சீலிங் எப்பவாவது பெயர்ந்ததா? போர் தண்ணி உப்பா? மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்ததா? குளத்தைத் தூர்த்த மனையா? கடலோர விதிக்குள்ள வருதா? விற்பவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடணும். பின்னாடி பொய்னு தெரிஞ்சா, அந்தப் பக்கமே சாட்சி.

"இதையெல்லாம் எழுதினா விலை குறையுமே"ம்பாங்க. குறையட்டும். கூரையை மாத்துற செலவை யாராவது ஒருத்தர் ஏத்துத்தான் ஆகணும், தெரிஞ்சவர் ஏத்துக்கிறதுதான் நியாயம். நாளைக்கு நம்ம வீட்டை நாம விக்கும்போதும் இதே நியாயம்தான்.

சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க வீட்டுல அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, இந்த அஞ்சு கேள்வியையும் ஒரு பேப்பர்ல எழுதி விற்பவர்கிட்ட நீட்டுங்க. பதிலைக் கிரய ஒப்பந்தத்தோட சேர்த்துடுங்க. கையெழுத்துப் போட அவர் தயங்கினா, அந்த வீட்டைப் பத்தித் தெரிய வேண்டியது உங்களுக்குத் தெரிஞ்சிடும்.