நம்ம ஊர்ல கடல் இல்ல. ஆனா இந்தக் கோரிக்கை நம்மளோடதும்தான்!

ஜோலார்பேட்டை ஜங்ஷன்ல இருந்துக்கிட்டு கப்பலைப் பத்திப் பேசுறாங்களேன்னு சிரிக்காதீங்க நண்பர்களே. ஆம்பூர்லயும் வாணியம்பாடியிலயும் தைக்கிற ஷூ கன்டெய்னர்ல ஏறி, கப்பல்லதான் வெளிநாடு போகுது. நம்ம தோல் தொழிலாளியின் சம்பளத்துல கடலுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அந்தக் கடல்ல தமிழன் சரக்கு மட்டும் ஏத்தல, கப்பலையே கட்டினான். ‘அன்னபூரணி’ தெரியுமா? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்மரக் கப்பல். பாய்மரப் படகிலேயே உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கினார். 1938-ல் அது அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. ஓட்டிப் போன மாலுமிகளில் வல்வெட்டித்துறைத் தமிழர்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் அந்தக் கைத்திறன் இருக்கு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே தூத்துக்குடியில், பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போனவை மரத் தோணிகள். கடலூர் முதுநகர் உப்பனாற்றங்கரையும் மரக்கலத் தச்சர்களை அறிந்த கரைதான். இவங்களுக்கு ‘ஓடாவி’ன்னு தனிப்பெயரே உண்டு. அடிமரமான ஏராவை எப்படி வைக்கணும், வங்கை எவ்வளவு வளைக்கணும் என்ற கணக்கெல்லாம் இவங்க கையிலயும் கண்ணுலயும்தான் இருக்கு.

இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன், டிராயிங் இல்லாத டெக்னாலஜி ஆளோட போயிடும். சாட்சி வேணுமா? ஆணியே இல்லாம கயிற்றால் தைத்த பழங்காலக் கப்பலை மறுபடி கட்ட இந்தியக் கடற்படைக்கு ஆசை வந்தது. வரைபடம் கிடையாது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துத்தான் வடிவத்தை ஊகிச்சாங்க. கேரளத் தச்சர்களை வச்சுக் கட்டின அந்த ‘கவுண்டின்யா’ 2025-ல் கடற்படையில் சேர்ந்தது. தோணிக்கும் நாளைக்கு ஓவியம் தேடணுமா?

மன்னன் கட்டின கோட்டைக்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறோம். உழைப்பாளி கட்டின தோணியைக் கரையில விட்டு மக்க விடுறோம். இது நியாயமா?

நம் கோரிக்கை மூணே மூணு:

1. ஒரு முழுத் தோணியைத் தூத்துக்குடியில் கூரை போட்டுப் பாதுகாக்கணும்.
2. ஓடாவிகளின் அளவுகளையும் சொற்களையும் வீடியோவாக, வரைபடமாகப் பதியணும்.
3. ஐ.டி.ஐ.யில் மரக்கலப் பயிற்சி வேணும். ஓடாவியே ஆசிரியரா இருக்கணும், சம்பளத்தோட.

செப்டம்பர் 5 வந்தா வ.உ.சி. படத்தை ஸ்டேட்டஸ் வைப்போம். இந்த வருஷம் அதோட இந்த மூணு கோரிக்கையையும் சேர்த்து வைங்க. உங்க எம்.எல்.ஏ. எந்தக் கட்சியா இருந்தாலும் டேக் பண்ணிக் கேளுங்க.

#தோணியைக்_காப்போம்