மொத்த லாபம் லாபமே இல்லை மக்களே!

"100 ரூபாய்க்கு வித்தா 70 ரூபாய் லாபம் சார்!" டீக்கடை ஃபிரான்சைஸ் விற்க வந்தவர் என் சித்தப்பாவிடம் சொன்ன கணக்கு. விஆர்எஸ் பணத்தைப் போட்டு தாம்பரம் பக்கத்துல சேலையூரில் கடை திறந்தார். 14வது மாசம் ஷட்டரை இறக்கியாச்சு.

அந்த ஆள் சொன்னது பொய் இல்லைங்கிறதுதான் எரிச்சலே. 15 ரூபாய் டீயில் பால், தூள், சர்க்கரை, கப் எல்லாம் சேர்த்து நாலரை ரூபாய்னு வைங்க. ஹோட்டல்காரர்கள் சரக்கு விலையை மட்டும் கழித்துவிட்டு மீதியை மொத்த லாபம் என்பார்கள். நம்ம பி.காம் வியாபாரக் கணக்கில் கூலியும் எரிபொருளும்கூட பற்றுப் பக்கம் வருமே, ஞாபகம் இருக்கா? (அரியர் வச்சவங்க மன்னிக்கவும் :-)) டீ மாஸ்டர் கூலியையும் கமர்ஷியல் சிலிண்டரையும் அங்கே எழுதிப் பாருங்க, அந்த 70 என்ன ஆகுதுன்னு. வாடகை, கரண்ட், ராயல்டி இன்னும் வரவே இல்லை.

வரி வேற. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ரெஸ்டாரண்டுகளுக்கு ஜிஎஸ்டி 5%தான், ஆனா உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சிலிண்டருக்கும் ராயல்டிக்கும் கட்டுற 18% திரும்பி வராது. அவ்வளவும் செலவு.

மொத்த லாபத்தை லாபம்னு சொல்லி விக்கிறவங்களே, ஓடிக்கிட்டிருக்கிற ஒரே ஒரு கிளையோட லாப நட்டக் கணக்கைக் காட்டுங்க பார்ப்போம்!

சித்தப்பா அதைக் கேட்கலை. நானும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன், பி.காம் முதல் வருஷம். டீ நல்லா இருக்குன்னு சொன்னேன்.