மாத்திரைக்கும் ஒரு மேல்விலாசம்



சென்ற மாதம் எழுதிய ரேஷன் அட்டை விஷயமாக வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் விடை எழுதுகிறேன். இம்மாதம் மருந்தைப் பற்றிய ஒரு செய்தி.

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருப்பவன் நான். மூட்டை வந்து சேரவில்லை என்று யாரேனும் பதறிக்கொண்டு வந்தால், ரசீது எண் என்ன, பதிவு செய்த தேதி என்ன என்றே முதலில் கேட்பேன். “பச்சைச் சாக்கு ஐயா, மேலே கயிறு கட்டியிருந்தோம்” என்று விடை வந்தால் என் கை ஓய்ந்துவிடும். இந்தக் கேள்வியை ஒருநாள் ஒரு டாக்டர் என்னையே கேட்பார் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்த என் அன்னையார், மூட்டுவலிக்கென்று அங்கே வாங்கிய மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் முடிந்துகொண்டு வந்தார். சுனாபட்டிக்கு வந்த மூன்றாம் நாள் உடம்பெங்கும் செந்தடிப்பு எழுந்தது, உதடு வீங்கியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “என்ன மாத்திரை சாப்பிட்டார்கள்?” என்றார் டாக்டர். “வெள்ளையாக, வட்டமாக இருந்தது” என்றேன். அதைச் சொல்லும்போதே பச்சைச் சாக்கு என் நினைவுக்கு வந்தது. அன்னையார் இரண்டு நாளில் தேறினார். சீட்டில் ‘மருந்து ஒவ்வாமை, மருந்தின் பெயர் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தனர்.

அந்தச் சீட்டினால் என்ன பயன்? நான்கு மாதம் கழித்துக் காய்ச்சலுக்கென்று நம் பேட்டைக் கடையில் வாங்கிய மாத்திரை ஒன்று, ஒரு மணி நேரத்தில் மறுபடியும் உதட்டை வீங்க வைத்தது. இம்முறை மூச்சும் திணறியது. நல்ல வேளையாக என் மனைவி அட்டையை எறியாமல் வைத்திருந்தாள். அதைக் கொண்டு டாக்டர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். முன்பு ஊரிலிருந்து வந்ததும் அதே மருந்துதானா என்பது இன்றளவும் தெரியாது. ஒரே மருந்து பத்துப் பெயர்களில் விற்கிற நாட்டில், பொட்டலத்தில் முடிந்த மாத்திரைக்குப் பூர்வோத்தரம் ஏது?

ஒரு தீங்கு மருந்தினால் வந்ததா, நோயினால் வந்ததா என்று ஆராய்வோர் சில கேள்விகளை வைத்திருக்கிறார்கள். மருந்து என்று தொடங்கியது, தொல்லை என்று தோன்றியது, மருந்தை நிறுத்தியதும் அடங்கியதா, வேறு மருந்து கூடவே உட்கொள்ளப்பட்டதா என்பவை அவை. விடைகளைக் கொண்டு உறுதி, பெரும்பாலும், இருக்கலாம் என்று தரம் பிரிக்கிறார்கள். கடைசியில் ‘மதிப்பிட இயலாதது’ என்றும் ஒரு தரம் உண்டு. என் அன்னையாரின் முதல் அனுபவம் அங்கேதான் போய்ச் சேரும்.

மருந்தின் இயல்பான குணத்தால் வரும் தீங்கு ஒன்று. மருந்திலேயே நஞ்சு கலந்திருப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு இந்நகரமே சாட்சி. 1986 ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரால் கொடுக்கப்பட்ட நோயாளிகள் சிறுநீரகம் கெட்டு ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். 14 உயிர்கள் போயின. மூளையின் வீக்கம் தணியக் கொடுத்த அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் ஆலைத்தொழில் திரவம் கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் தலைமையில் நடந்த விசாரணை, மருந்து கொள்முதலிலும் கண்காணிப்பிலும் இருந்த ஊழலைப் பக்கம் பக்கமாக வெளிக்கொணர்ந்தது. அது நான் பிறப்பதற்கு முந்திய கதை. அது முடிந்த கதை என்றே எண்ணியிருந்தேன். 2025 ஆம் ஆண்டு அதே நஞ்சு ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் மருந்தில் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். மருந்து தயாரானதோ நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் எஸ்.ஆர்.13 என்ற தொகுதியில் 48.6 விழுக்காடு நஞ்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடே. புட்டியின் மீது அச்சிட்டிருந்த அந்தத் தொகுதி எண்தான், எந்தச் சரக்கைத் தேடித் திரும்பப் பெறுவது என்று நாட்டுக்குச் சொல்லிற்று.

முதல் வகைக்கும் ஒரு சான்று உண்டு. பெண்கள் மாதவிலக்கு வலிக்கு உட்கொள்ளும் மெஃபெனாமிக் அமிலம் (‘மெஃப்டால்’ என்றால் எல்லார்க்கும் தெரியும்) சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று 2023 ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் எச்சரித்தது. தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் முதலியன மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்தே தோன்றலாம். அதற்குள் அட்டை குப்பைக்குப் போயிருக்கும். உட்கொண்ட நாளும் மறந்திருக்கும். இந்த எச்சரிக்கை நாடெங்கிலுமிருந்து வந்த முறையீடுகளைச் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்தது.

அம்முறையீட்டை டாக்டர்தான் செய்யவேண்டும் என்பதில்லை. 2010 ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தலைமை நிலையம் காஜியாபாத்தில் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் வேலை நாட்களில் எவரும் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. நோயாளியின் பெயருக்கு முதலெழுத்துக்கள் போதும். பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் இதற்கென ஒரு நிலையம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. மருந்தினால்தான் வந்தது என்று நாம் மெய்ப்பிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஐயம் இருந்தாலே போதும். ஆனால் ஐயம் வந்ததென்று நாமாகவே மருந்தை நிறுத்திவிடுவது கூடாது. இரத்த அழுத்தம், வலிப்பு போன்றவற்றுக்கு உட்கொள்வோர் முதலில் டாக்டரைக் கேட்கவேண்டும்.

கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுக்கையில், தொகுதி எண்ணும் காலாவதி நாளும் பெரும்பாலும் அவரிடமே தங்கிவிடுகின்றன. நான் இப்போது அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்கிறேன். முதல் நாள் அவர் என்னை வேற்றுக்கிரகவாசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இப்பொழுது கேளாமலே எழுதித் தருகிறார்.

அன்னையாரோ, தீர்ந்துபோன அட்டைகளைக்கூட ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியைப் பேரனைக் கொண்டு எழுத வைக்கிறார். சென்ற வாரம் ஊருக்குப் புறப்படும்போது, அந்த டப்பாவைத்தான் முதலில் பையில் வைத்தார்.