வாளோடு வந்த விசுவாசமும் வெறுங்கையோடு வந்த விசுவாசமும்

"கடவுளை நம்பியிருக்கிறேன்" என்று கிறிஸ்தவர்களாகிய நாம் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறோம்! பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும் பிள்ளை சொல்கிறது. வீசா நேர்முகத்துக்குப் போகும் இளைஞன் சொல்கிறான். வைத்தியப் பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திருக்கும் தாய் சொல்கிறாள். அதில் பொய்யில்லை. ஆனால், அந்த நம்பிக்கை எதன் மீது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்டது கிடைக்கும் என்பதன் மீதா? கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கிறிஸ்து காட்டிய வழியை விட்டு விலகமாட்டேன் என்பதன் மீதா? முன்னையது கொடுக்கல் வாங்கலுக்கு அண்மையில் நிற்பது. பின்னையதே விசுவாசம் என்பது என் கருத்து.

இதைப் பிரசங்கமாகச் சொன்னால் எவருக்கும் சலிப்புத் தட்டும். ஆகவே ஓர் ஊரையும் அதன் அயலையும் வைத்துச் சொல்கிறேன்.

இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் மாவட்டத்தில், சிலாபம் நகருக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது முன்னேஸ்வரம். இலங்கையின் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று. கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி எழுத வந்தவன் சிவத்தலத்தில் ஏன் தொடங்குகிறான் என்று சிலர் கேட்கலாம். அந்தக் கரையோரத்தில் சமயங்களுக்கிடையே மதில் எழுப்புவது கடினம் என்பதே என் பதில். 1939ஆம் ஆண்டு முதல் தனி மறைமாவட்டமாக இருக்கும் சிலாபம், கத்தோலிக்கர் செறிந்து வாழும் பகுதி. சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பேழைக்குள் அந்தோனியாரும் செபஸ்தியாரும் நிற்பார்கள். முன்னேஸ்வரத்துக்கோ தமிழ்ச் சைவர்கள் மட்டுமன்றி, பெருந்தொகையான சிங்கள பௌத்தர்களும் நேர்த்திக்கடன் வைத்து வருகிறார்கள். கத்தோலிக்கர்களும் வருவதுண்டு. அவ்வாறே கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குக் கத்தோலிக்கர் அல்லாதோரும் போகிறார்கள். துன்பம் வந்தவன் வாசற்படியில் நின்று சமயம் விசாரிப்பதில்லை.

இந்த மண்ணுக்குக் கிறிஸ்தவம் இரண்டு விதமாக வந்தது. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

முதலாவது, வாளோடு வந்தது. 1578இல் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரம் ஆலயத்தை இடித்தார்கள். பின்னர் அந்த நிலம் இயேசு சபையினரின் கைக்குப் போனது. இடிபட்ட கோவிலின் கருங்கல் அடித்தளத்தின் மேலேயே சிற்றாலயம் ஒன்று எழுந்தது. ஆலயம் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் சென்றது. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753இல், அது புதுப்பிக்கப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது கிறிஸ்தவர்கள் சிலர் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுவதைக் கண்டிருக்கிறேன். மாற்ற வேண்டியதில்லை. அது நடந்தது, தவறு. அந்த வீரர்களும் கடவுளின் பெயரை உச்சரித்தவர்கள்தாம். ஆனால் அவர்களுடைய நம்பிக்கை கடவுள் மீது இருந்ததா, பீரங்கி மீது இருந்ததா? கடவுளை உண்மையாக நம்புகிறவனுக்கு அடுத்தவனின் கோவிலை இடிக்கும் தேவை எங்கிருந்து வரும்?

இரண்டாவது, வெறுங்கையோடு வந்தது. அதன் பெயர் யோசேப் வாஸ்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில், பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தவர் இவர். கொங்கணிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1658இல் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்து குருமாரை நாடு கடத்தியிருந்தார்கள். கிறிஸ்தவர்களையே கிறிஸ்தவர்கள் ஒடுக்கிய காலம். குரு ஒருவர்கூட இல்லாமல் கத்தோலிக்கர்கள் தவித்த அந்த நாட்டுக்கு 1687இல் யோசேப் வாஸ் கூலியாளின் வேடத்தில் வந்தார். தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, கடலில் அல்லற்பட்டு, நோயாளியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அந்தச் செபமாலையைப் பார்த்து எந்த வீட்டார் முகம் மலர்கிறதோ, அந்த வீட்டில் மறைந்திருக்கும் கத்தோலிக்கரை அடையாளம் கண்டுகொண்டார். படையில்லை, பணமில்லை, அரசின் ஆதரவில்லை. தமிழ் கற்றார், இரவில் திருப்பலி நிறைவேற்றினார்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது, 1690இல் அவர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். அது அன்று கண்டி அரசின் ஆளுகையில் இருந்தது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். போன வேகத்திலேயே, போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். அவர் சிறையில் செய்த வேலைகளுள் ஒன்று, சிங்கள மொழியைக் கற்றது! விடுதலை கிடைக்குமா என்று நாள் எண்ணியிருக்கலாம். அவரோ, கிடைத்த நாளைப் பயன்படுத்தினார். கடவுளை நம்புவது என்றால் அன்றாட வாழ்க்கையில் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் நகரை விட்டு நீங்கினான். வசதி உள்ளவர்களும் போனார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த உறவினரே கைவிட்டுப் போன நேரத்தில், யோசேப் வாஸும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலியோ என்ற குருவும் நகரிலேயே தங்கினார்கள். குடிசை அமைத்து நோயாளரைக் கிடத்தினார்கள், கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நோயாளியின் சமயம் என்னவென்று அவர்கள் கேட்கவில்லை. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். அவனுடைய நாட்டில்தான், கத்தோலிக்கரை ஒடுக்கிய கிறிஸ்தவ ஆட்சியாளரிடமிருந்து தப்பிய இந்தக் கத்தோலிக்கக் குரு சுதந்திரமாகப் பணியாற்றினார். ஆயர் பதவி தேடி வந்தபோதும் ஏற்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே கண்மூடினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவருக்குப் பின்னால் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் இதே வழியில் நடந்தார். 1705இல் இலங்கை வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, 1742இல் இதே புத்தளம் மாவட்டத்திலுள்ள போலவத்தையில் மறைந்தார். அயலவனின் மொழியைக் கற்றுக்கொள்வது அவனை மதிப்பதன் முதற்படி அல்லவா?

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். இன்றைக்கு வருகிறேன்.

யோசேப் வாஸ் பிறந்த அதே ஏப்ரல் 21ஆம் திகதிதான், 2019இல், உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். சிலாபத்திலிருந்து கட்டுவாப்பிட்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரந்தான். திருமணத்தாலும் தொழிலாலும் பின்னிப்பிணைந்த கரையோரச் சமூகம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி நடைபெறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தொலைக்காட்சி வழியே திருப்பலி நிறைவேற்றினார். முஸ்லிம்கள் மீது கைவைக்க வேண்டாம் என்று அவர் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டார். பிள்ளையை இழந்த தகப்பனிடம் அப்படிச் சொல்வது இலகுவான காரியமல்ல. அதைக் கேட்டு அடங்கியிருந்தவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். என் பார்வையில், அண்மைக் கால இலங்கையில் கிறிஸ்தவ விசுவாசம் வெளிப்பட்ட மிகப் பெரிய தருணம் அதுதான்.

ஆனால் மூன்று வாரம் கழியுமுன் சிலாபம் சறுக்கியது. மே மாதம் 12ஆம் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி. அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருள்பட எழுதியிருந்தார். அதைப் புதிய தாக்குதலுக்கான மிரட்டல் என்று வாசித்தார்கள். கூட்டம் திரண்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. அடுத்த நாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் தச்சுத் தொழிலாளி ஒருவர் தம் இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தேவாலயக் குண்டுகளுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கிறிஸ்தவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட நகரம் என்று உலகப் பத்திரிகைகள் சிலாபத்தை அன்று வர்ணித்தன. கல்லெறிந்தவர்களை நான் சமயவாரியாகப் பிரிக்க வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அந்த நாளில் கல்லைக் கையில் எடுத்த ஒவ்வொருவனும், தன் வீட்டில் எந்தப் படம் மாட்டியிருந்தாலும், கடவுளை நம்பவில்லை. அச்சத்தை நம்பினான். அச்சம் எப்போதும் ஆயுதத்தைத் தேடும். 1578இல் முன்னேஸ்வரத்தை இடித்த கையும் 2019இல் பள்ளிவாசலுக்குக் கல்லெறிந்த கையும் ஒரே மனத்தின் கைகள்தாம்.

"அப்படியானால் அடிக்கிறவனுக்கு அடங்கிப் போ என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. பழி வாங்குவது வேறு, நீதி கேட்பது வேறு. முஸ்லிம்களைத் தொடாதீர்கள் என்று சொன்ன அதே திருச்சபைதான், தாக்குதலைத் தடுக்கத் தவறியவர்கள் யார், பின்னால் இருந்தவர்கள் யார் என்று ஓயாமல் கேட்டது. பாதிக்கப்பட்ட தரப்பினர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்ட ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பு, புலனாய்வுத் துறைகளின் முன்னாள் தலைவர்களும் செலுத்தப் பணிக்கப்பட்டார்கள். கல்லெறிந்து இதைப் பெற்றிருக்க முடியாது. மன்னித்தவன் நியாயம் கேட்கும்போது அந்தக் குரலுக்கு வலு அதிகம்.

அன்றாட அப்பத்துக்கும் இதே கதைதான். சிலாபத்துக் கடற்றொழிலாளி தன் வள்ளத்துக்குப் புனிதரின் பெயர் வைக்கிறான். கடலில் இறங்குமுன் சிலுவை அடையாளம் வரைகிறான். ஆனால் வள்ளம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் தெருவில் இறங்கிய கடற்றொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் உயிரிழந்தார். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் துகள்களை மேற்குக் கரையெங்கும் கொட்டியது. 2022 ஓகஸ்ட் மாதம் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானது. இவர்களிடம் போய், கவலைப்படாதே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பினால் அது விசுவாசமா? ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள் என்ற மலைப்பொழிவின் போதனையை, வலையை மடித்து வைத்துவிட்டு உட்காரும்படி சொன்னதாக எந்த மீனவனும் விளங்கிக்கொண்டதில்லை. அவன் வலையும் வீசுகிறான். விலைக் குறைப்பும் கேட்கிறான். வெறுங்கையோடு திரும்பிய நாளில் பக்கத்து வள்ளத்தான் கொடுத்த நாலு மீனை வாங்கிக்கொண்டு போகிறான். அந்த நாலு மீனைக் கொடுக்கிறவனின் கையில்தான் கடவுள் பார்த்துக்கொள்கிறார் என்பது என் துணிபு.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலாபத்தை எரித்த முதல் தீக்குச்சி, சரியாக வாசிக்கப்படாத ஒரு வரி. செய்தி மேசையில் நாங்கள் முதலில் கற்பது, உறுதி செய்யாத தகவலை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதுதான். இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆசிரியர்தாம். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளில் அடங்கியது. அயலவனைப் பற்றி வந்த வதந்தியை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுமுன் ஒரு நிமிடம் நிற்பதும் கிறிஸ்தவ ஒழுக்கந்தான். கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நாம் அங்கிருந்து அனுப்பும் செய்திக்கு, இங்கே கடை வைத்திருப்பவன் விலை கொடுக்கிறான்.

ஆகவே என் முடிவு எளியது. ஒரு கிறிஸ்தவன் கடவுளை எவ்வளவு நம்புகிறான் என்பதை அவனுடைய செபத்தின் நீளத்தைக் கொண்டு அளக்காதீர்கள். அவன் பயப்படும்போது யாரை அடிக்கிறான், அல்லது அடிக்காமல் விடுகிறான் என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் நோய் வந்தால் கதவைத் திறக்கிறானா, மூடுகிறானா என்று பாருங்கள். அயலவனின் வழிபாட்டிடத்துக்குக் காவல் நிற்பானா என்று பாருங்கள். முன்னேஸ்வரத்தில் சிவனுக்கு மணி அடிக்கும் ஓசையையும், சிலாபத்துப் பேராலயத்தின் மணியோசையையும், பள்ளிவாசலின் தொழுகை அழைப்பையும் ஒரே காற்றில் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறவன் யாரோ, அவனே கடவுளிடம் தன்னை ஒப்படைத்தவன். யோசேப் வாஸ் அடிகளார் இந்தக் கரைக்கு வெறுங்கையோடு கொண்டுவந்து சேர்த்தது அந்த விசுவாசத்தையே.