அப்பா கொடுத்த வேலை



அமெரிக்க நாட்டுப்புற இசையிலும் கன்ட்ரி இசையிலும் கிதார் வாசிப்பவர்கள் பெரும் மரியாதையோடு சொல்லும் பெயர் டாக் வாட்சன். 2012-இல் 89 வயதில் மறைந்தார். அவருடைய பழைய பதிவுகளை அண்மையில் மறுபடி கேட்டேன். அந்த விரல்களின் வேகத்தைக் கேட்டு மலைக்காதவர் இருக்க முடியாது. எனக்கு அதைவிட, அந்த விரல்களுக்கு வேலை கொடுத்த மனிதர்கள்மீது மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. அவர்களைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச வேண்டும்.

வட கரோலினா மலைப்பகுதியில் டீப் கேப் என்ற சிற்றூரில், 1923 மார்ச் 3 அன்று பிறந்தார் ஆர்தல் லேன் வாட்சன். ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது. கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணில் ஏற்பட்ட தொற்று பார்வையைப் பறித்துவிட்டது. ‘டாக்’ என்பது பின்னாளில் ஒரு வானொலி நிகழ்ச்சியின்போது கூட்டத்தில் யாரோ சூட்டி, அப்படியே நிலைத்துவிட்ட பெயர்.

வீட்டில் வசதி கிடையாது. அப்பா விவசாயி, கூலி வேலைக்கும் போவார். மகனுக்குப் பதினோரு வயதானபோது தம் கையாலேயே பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் முகத்துக்கு இழுத்துக் கட்டியது பாட்டி வளர்த்த கிழப்பூனையின் தோல். பையனுக்குப் பதினான்கு வயதானபோது இன்னொரு காரியமும் செய்தார். மரம் அறுக்க இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் பெரிய ரம்பத்தின் ஒரு முனையைப் பார்வையில்லாத மகன் கையில் கொடுத்தார். அந்த வேலை எளிதல்ல. எதிரில் இருப்பவர் இழுக்கும்போது நாம் தள்ளக் கூடாது, விட்டுக் கொடுக்க வேண்டும். நம் முறை வரும்போது சீராக இழுக்க வேண்டும். தாளம் தப்பினால் ரம்பம் மரத்தில் சிக்கிக்கொள்ளும். பையன் கற்றுக்கொண்டான். தானும் உழைத்துப் பிழைக்க முடியும் என்ற நம்பிக்கை அந்த ரம்பத்தால்தான் வந்தது என்று டாக் கடைசி வரை நன்றியோடு சொல்லிவந்தார். அண்ணன் தம்பியாகச் சேர்ந்து, வயலோரம் பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை வெட்டித் தோல் பதனிடும் ஆலைக்கு விற்றார்கள். அந்தக் காசில் தபால் வழியே ஒரு சில்வர்டோன் கிதார் வாங்கினார் டாக்.

வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. பூன் நகரத் தெருமுனையில் நின்று சில்லறைக்கு வாசித்தார். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்தார். 1947-இல், பிடில் கலைஞர் கெய்தர் கார்ல்டனின் மகள் ரோசா லீயை மணந்தார். 1953-இல் ஜேக் வில்லியம்ஸ் என்பவரின் நடன இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கச் சேர்ந்தார். அந்தக் குழுவில் பிடில் வாசிக்க ஆள் இல்லை. சதுர நடனம் ஆட வந்தவர்களோ பிடில் மெட்டுகளைத்தான் கேட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு டாக் தலையில் விழுந்தது.

இது எவ்வளவு கடினம் என்பது கிதாரைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். பிடிலில் வில்லை ஒரு முறை இழுத்தால் பல சுரங்கள் வழுக்கிக்கொண்டு வரும். கிதாரில் ஒவ்வொரு சுரத்துக்கும் தந்தியைத் தனித்தனியே தட்ட வேண்டும். டாக் விரலிடுக்கில் பிடித்த சிறு பிளாஸ்டிக் துண்டால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாறி மாறித் தட்டி, அந்த அதிவேக மெட்டுகளை ஒரு சுரம்கூட மங்காமல் கொண்டுவந்தார். அதுவரை பிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் பின்னால் நின்று பெரும்பாலும் தாளம் கொடுத்துக்கொண்டிருந்த கிதார், அவர் கையில் முன்வரிசைக்கு வந்தது.

1960-இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற இசை ஆர்வலர், கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற மூத்த பாடகரைப் பதிவு செய்ய நியூயார்க்கிலிருந்து வந்தார். அந்தப் பதிவுக்கு வந்திருந்த டாக்கிடம் எலெக்ட்ரிக் கிதார்தான் இருந்தது. பழைய மலைநாட்டு இசையைத் தேடி வந்தவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பயணத்தின்போது டிரக்கின் பின்பகுதியில் உட்கார்ந்து ரின்ஸ்லர் பாஞ்சோ வாசிக்க, டாக் அதைக் கேட்டு வாங்கி வாசித்தார். தாம் தேடி வந்தது எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று ரின்ஸ்லருக்குப் புரிந்துவிட்டது. அவர் முயற்சியால் டாக் 1963-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார். 1964-இல் முதல் தனி ஆல்பம் வந்தது. அந்த ஆண்டுகளில் பார்வையில்லாத அந்த மனிதர் ஊர் ஊராகப் பேருந்தில் தனியாகவே பயணம் செய்தார்.

அப்படி அவர் வெளியூரில் இருந்த நேரத்தில், பதினைந்து வயது மகன் மெர்லுக்கு ரோசா லீ கிதார் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். திரும்பி வந்த தந்தை மகனின் வாசிப்பைக் கேட்டார். அந்த ஆண்டே அவனை மேடைக்கு அழைத்துச் சென்றார். அடுத்த இருபது ஆண்டுகள் மெர்ல் அவருக்குத் துணைக் கிதார், வண்டியோட்டி, வழித்துணை. இருவரும் சேர்ந்து கிராமி விருதுகளும் வாங்கினார்கள். 1985 அக்டோபரில் ஒரு டிராக்டர் விபத்தில் மெர்ல் இறந்தார். வயது 36. இனி மேடை வேண்டாம் என்றிருந்த டாக், கனவில் மகன் தன்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டதாகச் சொல்லி மறுபடி கிதாரை எடுத்தார். 1988-இல் வில்க்ஸ் சமுதாயக் கல்லூரியில், மகன் பெயரால் ஒரு நினைவுத் தோட்டம் அமைக்க நிதி திரட்டும் கச்சேரியாகத் தொடங்கியதுதான் மெர்ல்ஃபெஸ்ட். அது இன்று பல்லாயிரம் பேர் கூடும் பெரிய இசை விழா.

1997-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் டாக்குக்குக் கிடைத்தது. 2011-இல், ஒருகாலத்தில் சில்லறைக்கு வாசித்த அதே பூன் நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கிதார் வாசிக்கும் சிலை அது. மக்களில் ஒருவர், அவ்வளவுதான் என்ற பொருளில் மட்டும் அதில் எழுதச் சொன்னார் டாக்.

ரம்பத்தை மகன் கையில் கொடுத்த அந்த அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை வீடுகளில் ஒரு பிள்ளையை, அன்பின் பெயரால், எந்த வேலையும் தொடவிடாமல் வைத்திருக்கிறோம்! அடுப்பருகே போகாதே, கடைக்குத் தனியாகப் போகாதே, உன்னால் முடியாது, நான் செய்கிறேன் என்கிறோம். அடிபடுமோ என்ற பயம் டாக்கின் அப்பாவுக்கும் இருந்திருக்கும். பெற்ற மனம் அல்லவா! இருந்தும் அவர் பிள்ளையை நம்பினார். பிள்ளைக்கு அந்த நம்பிக்கையைவிடப் பெரிய சொத்து வேறில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டாக் வாட்சனை நீங்கள் கேட்டதில்லையென்றால், 1964-இல் வந்த அந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பார்வைக் குறைபாட்டோடு வளர்ந்தவர்களும், அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் எங்களுக்கு எழுதுங்கள். உங்களை நம்பி யார், எந்த வேலையை, எப்போது ஒப்படைத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். வரும் இதழ்களில் அந்தக் கடிதங்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்